மலை இல்லாத ஊரில் ஒரு மலை சைக்கிள்

தூத்துக்குடியில் மலை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் ஊரில் உயரமாக இருப்பவை மூன்று. பனிமய மாதா கோயில் கோபுரம், துறைமுகத்துக் கிரேன், உப்பளத்து ஓரமாகக் குவித்து வைத்திருக்கும் உப்பு அம்பாரம். மூன்றின் மேலும் சைக்கிள் ஏற்ற அனுமதி இல்லை.

இப்படிப்பட்ட ஊரில்தான் நான் ஒரு 'மவுண்டன் பைக்' வாங்கினேன். மாற்றலாகிப் போன ஒரு நண்பரிடமிருந்து, செகண்ட் ஹேண்டில். தடித்த டயர், கியர், நேரான ஹேண்டில்பார். வீட்டு வாசலில் கொண்டு வந்து நிறுத்தியதும் மனைவி கேட்டாள்:

"எந்த மலைக்குப் போகப் போறிய?"

பதில் சொல்லத் தெரியவில்லை. 'ஹி... ஹி...' என்று உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டேன்.

மாடிப்படிக்கு அடியில் ஆறடிக்கு நாலடி இடம். பழைய பேப்பர், உடைந்த ஃபேன், கொலு பொம்மைப் பெட்டி எல்லாவற்றையும் பரணில் ஏற்றிவிட்டு அதை என் ஒர்க் ஷாப் ஆக்கினேன். ஒரு ஸ்பேனர் செட், ஆலன் கீ, கிரீஸ் டப்பா, பழைய டூத் பிரஷ், கிழிந்த பனியன் நாலு. சைக்கிளைத் தூக்கி நிறுத்தி வேலை பார்க்க ஸ்டாண்ட் வேண்டுமே? மேலே பார்த்தேன். மகனுக்குத் தூளி கட்டிய கொக்கி சும்மாதான் இருந்தது. கயிறு போட்டுத் தொங்கவிட்டேன்.

"அப்படியே ஒரு தாலாட்டும் பாடுங்க" என்றாள் மனைவி.

முதல் நாள் வேலை, பெடல் கழற்றுவது. வலது பெடல் சமர்த்தாக வந்துவிட்டது. இடது பெடல் அசையவே இல்லை. அரை மணி நேரம் ஸ்பேனர் மேல் ஏறி நின்று குதித்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இடது மிதிக்கு மரை எதிர்த் திருப்பு. இவ்வளவு நேரமும் நீங்க முறுக்கிக்கிட்டுத்தான் இருக்கிய."

இந்தப் பெரியவர் பிற்பாடு இன்னும் முக்கியமாக வருவார். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

மலை சைக்கிளின் பூர்வீகம் தெரியுமோ? அதுவே வீட்டு ஒர்க் ஷாப்பில் பிறந்த சமாசாரம்தான்.

1970களில் அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் மரின் வட்டாரத்தில், சில இளைஞர்கள் 1930, 40களில் செய்த தடித்த டயர் சைக்கிள்களைப் பழைய இரும்புக் கடை விலைக்கு வாங்கி, ஷெட்டில் வைத்துக் குடைந்து, மலைச் சரிவில் உருட்டிவிட்டுப் பார்த்தார்கள். 1976 அக்டோபரில் போட்டியே வைத்துவிட்டார்கள். அந்தப் பாதைக்கு 'ரீபேக்' என்று பெயர். காரணம் இதுதான். அந்த சைக்கிள்களில் பின்னோக்கி மிதித்தால்தான் பிரேக். ஒரே ஒரு இறக்கம் இறங்குவதற்குள் சக்கரக் குடம் சூடாகி, உள்ளே இருக்கிற கிரீஸ் புகையாகிப் போய்விடும். கீழே வந்ததும் கழற்றித் திரும்ப கிரீஸ் அடைக்க வேண்டும். அதுதான் ரீபேக்! அங்கே சைக்கிள் விட்ட ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர் போன்றவர்கள் பிறகு சொந்தமாகவே சைக்கிள் செய்தார்கள். 1981ல் 'ஸ்டம்ப்ஜம்ப்பர்' என்ற மாடல் கடைகளுக்கு வந்து, மலை சைக்கிள் உலகம் பூராவும் உருள ஆரம்பித்தது.

அவர்களுக்கு கிரீஸைத் தின்றது மலை. நமக்குத் தின்பது உப்பு.

தூத்துக்குடிக் காற்றில் உப்பு இருப்பது எல்லோருக்கும் தெரியும். அதில் ஒரு சூட்சுமம் உண்டு. கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துத் தானே நீர்த்துப் போகிற ஜாதி. ஆகவே மழையே பெய்யாவிட்டாலும், உப்புப் படிந்த இரும்பு நனைந்தபடியே இருக்கிறது. அலுமினிய ஃபிரேமுக்குள் இரும்பு போல்ட் இருந்தால் கேட்கவே வேண்டாம். இரண்டு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர். பேட்டரி செல் தயார்! அலுமினியம் அரித்து, போல்ட் இறுகி, அப்புறம் ஸ்பேனருக்கு பதில் சுத்தியலைத் தேட வேண்டியதுதான்.

இதையெல்லாம் படித்து வைத்திருந்தேன். படித்ததற்கும் செய்ததற்கும் உள்ள தூரம்தான் இந்தக் கட்டுரை.

* * *

மலை இல்லாவிட்டாலும் எங்கள் ஊரில் கியருக்கு வேலை இருக்கிறது. அதன் பெயர் கச்சான் காற்று. ஆனி, ஆடியில் மேற்கே இருந்து அடிக்கும். எதிர்த்து மிதித்தால் சைக்கிள் நின்ற இடத்திலேயே நிற்கும், நாம் மட்டும் வியர்ப்போம். மற்ற ஊரில் மேடு தரையில் இருக்கிறது. இங்கே காற்றில் இருக்கிறது.

எனவே பின் சக்கரத்து ஃப்ரீவீலை மாற்றினேன். பெரிய பல் சக்கரம் 28 பல்லாக இருந்ததை 34 ஆக்கினேன். கியர் மாற்றும் டிரெய்லர் புதுசு. செயின் புதுசு. செயினை மாற்ற வேண்டுமா என்று கண்டுபிடிக்க ஒரு சுலப வழி உண்டு. பிள்ளைகளின் அடி ஸ்கேல் போதும். ஒரு பின்னில் ஸ்கேலின் பூஜ்யத்தை வைத்தால், சரியாகப் பன்னிரண்டாவது அங்குலத்தில் இன்னொரு பின் வர வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளிப் போயிருந்தால் செயினை மாற்றிவிடலாம். எட்டில் ஒரு பங்கு போய்விட்டால் பல் சக்கரமும் தேய்ந்திருக்கும், இரண்டுக்கும் சேர்த்து அழ வேண்டும்.

மொத்தம் நாலாயிரத்துச் சொச்சம் செலவு. மனைவியிடம் ஆயிரத்து ஐந்நூறு என்று சொன்னேன். (இந்த இதழ் வீட்டுக்கு வரும்போது நான் ஆபீஸில் இருப்பேன்.)

எல்லாம் மாட்டி, துடைத்து, பளபளவென்று நிறுத்தியபோது பெரியவர் வந்தார். அவர் சங்கு குளித்தவர். அவருடைய அப்பா முத்துக் குளித்தவர். இந்தக் கரையில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961ல். அதற்கப்புறம் முத்து என்பது எங்கள் ஊருக்கு அடைமொழியாக மட்டும் நின்றுவிட்டது.

சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தார். கியரைத் தொடவில்லை. பிரேக் லிவரை மட்டும் இழுத்துப் பார்த்தார்.

"இந்தக் கம்பி எப்ப மாத்துனது?"

"நல்லாத்தான் இருக்கு பெரியப்பா. பாருங்க, பளபளன்னு."

"வெளிய தெரியிறது பளபளங்குது. டியூபுக்குள்ள கெடக்கிறது?" என்றவர், சம்பந்தமே இல்லாமல் ஒரு கதை சொன்னார். "முங்குறவன் கால்ல கல்லு, இடுப்புல கயிறு. மேல தோணியில கயித்தப் பிடிக்க யாரை நிறுத்துவாங்க தெரியுமா? மச்சானைத்தான். பொண்டாட்டி கூடப்பொறந்தவன். தங்கச்சி தாலியாச்சே, கண்ண அசர மாட்டான்லா? முங்குறதுக்கு முன்னால அவன் கயித்த முழம் முழமா நீவிப் பாப்பான்."

"ஓஹோ" என்றேன். அவ்வளவுதான். பிரேக் கேபிள் ஐம்பது ரூபாய்க்குள்தான் வரும். ஆனால் அதை மாற்றினால் யாருக்குத் தெரியும்? 34 பல் என்றால் ஆபீஸில் நாலு பேர் கேட்பார்கள்!

* * *

ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் பழைய காயலுக்குக் கிளம்பினோம். நானும் என் மச்சினனும். அவன் பிளஸ் டூ முடித்தவன். அவனிடம் இருப்பது பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிள். கியரும் இல்லை, கவர்ச்சியும் இல்லை.

திருச்செந்தூர் ரோட்டில் முள்ளக்காடு தாண்டினால் இரண்டு பக்கமும் உப்பளம். விடிகிற நேரத்தில் பாத்தி பாத்தியாக வானம் தரையில் கிடக்கும். வாருபலகையால் உப்பை இழுத்துக் கொண்டிருந்தார்கள். பலகை மரம். இந்தத் தண்ணீரில் மரம்தான் நிற்கும்.

எதிர்க்காற்றில் என் 34 பல் பிரமாதமாக வேலை செய்தது. மச்சினன் எழுந்து நின்று மிதித்தான். நான் உட்கார்ந்தபடி அவனுக்கு கியர் தத்துவம் சொல்லிக்கொண்டே போனேன்.

பழைய காயல் ஒரு காலத்தில் துறைமுகம். பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கடைசியில் மார்க்கோ போலோ காயலைப் பற்றி எழுதினார், முத்துக்குளிப்பைப் பற்றியும் எழுதினார். அதற்கும் முன்னால் கொற்கை. தாமிரபரணி கொண்டு வந்த வண்டல் கரையைத் தூர்க்கத் தூர்க்க, கடல் விலகிப் போய்விட்டது. கொற்கை போய் காயல், காயல் போய் தூத்துக்குடி. டீக்கடையில் இதையெல்லாம் மச்சினனுக்கு விளக்கினேன். அவன் கவனம் முழுக்க என் சைக்கிள் மேலே இருந்தது.

"அத்தான், திரும்பிப் போகும்போது நான் இதை ஓட்டட்டுமா?"

கொடுத்தேன்.

திரும்பும்போது காற்று முதுகில். அவன் பறந்தான். நான் அவன் சைக்கிளில் பின்னால் வந்தேன். ஒரு சின்னப் பாலத்து இறக்கம். உப்பளத்துப் பாதையிலிருந்து ஒரு லாரி, உப்பு மூட்டையோடு ரோட்டுக்குத் திரும்பியது. மச்சினன் பிரேக்கைப் பிடித்தான்.

'டப்'பென்று ஒரு சத்தம். முன் பிரேக் கேபிள் அறுந்துவிட்டது. பின் பிரேக்கோ டியூபுக்குள் துருவேறி இறுகிக் கிடந்தது, சக்கரத்தைத் தடவிக் கொடுத்ததே தவிர நிறுத்தவில்லை. கத்தினேன் என்று நினைக்கிறேன். என்ன கத்தினேன் என்று ஞாபகம் இல்லை. லாரிக்கும் அவனுக்கும் இரண்டு முழம் இருக்கும்போது ஹேண்டிலை ஒடித்து ரோட்டை விட்டு இறங்கினான். வரப்பில் மோதி, பாத்திக்குள் விழுந்தான்.

ஓடினேன். எழுந்து உட்கார்ந்திருந்தான். முழங்காலும் முழங்கையும் சிராய்த்து ரத்தம். அதன் மேல் உப்புத் தண்ணீர். அவன் முகம் போன போக்கை நான் எழுத முடியாது. உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு அம்மா, தான் குடிக்கக் கொண்டு வந்திருந்த தண்ணீரை அப்படியே எடுத்து வந்து காயத்தில் ஊற்றினார். அந்தப் பொட்டலில் அன்றைக்கு வெயிலுக்கு அவருக்கு இருந்தது அவ்வளவுதான். நன்றி சொல்ல வாய் வரவில்லை. எங்கள் பாட்டிலில் இருந்ததை அவருடைய குடத்தில் ஊற்றினேன், பாதிகூட நிறையவில்லை.

"சைக்கிளையும் கழுவுப்பா. உப்புத் தண்ணி பட்ட இரும்பு நாளைக்கே நாறிப் போகும்" என்றார்.

மச்சினன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "கியர் நல்லாத்தான் இருக்கு அத்தான்."

அதைவிட நாலு அறை விட்டிருக்கலாம்.

* * *

அன்று ராத்திரி கேபிளை உருவிப் பார்த்தேன். வெளியே தெரிந்த அரை அடி வெள்ளி. டியூபுக்குள் இருந்தது முழுக்கக் காவி. லிவருக்குள் குமிழ் மாட்டும் இடத்தில் ஒவ்வோர் இழையாக எப்போதோ அறுந்து, மீதி இரண்டு மூன்று இழைதான் அன்று காலைவரை தாங்கியிருக்கிறது. என் கையில் அறுந்திருக்க வேண்டியது. அவன் கையில் அறுந்தது.

இரண்டு கேபிளையும் வெளி டியூபோடு மாற்றினேன். இப்போது சனிக்கிழமை தோறும் வேலை ஒரே மாதிரிதான். நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவல், பனியனால் துடைப்பு, செயினுக்குச் சொட்டு எண்ணெய், மேலே வழிந்ததைத் துடைத்தல், சீட் கம்பிக்கும் போல்ட்டுக்கும் கிரீஸ். கேபிளுக்கு ஆயுள் ஒரு வருஷம். பளபளப்பாக இருந்தாலும் சரி. புது சாமான் வாங்குவது நின்றுவிட்டது. அதில் என்னைவிட மனைவிக்குத் திருப்தி.

மச்சினன் சனிக்கிழமை சாயங்காலம் வந்துவிடுகிறான். கியரைத் தொடுவதில்லை. தூளிக் கொக்கியில் தொங்குகிற சைக்கிளின் இரண்டு லிவரையும் பலம் கொண்ட மட்டும் இழுத்துப் பார்க்கிறான். கேபிளை நுனி முதல் நீவிப் பார்க்கிறான். அப்புறம்தான், "சரி அத்தான், நாளைக்குக் கெளம்பலாம்" என்கிறான்.

என் வேலையில் நம்பிக்கை இல்லையா என்று நான் கோபித்துக்கொள்வதில்லை. முறைப்படி பார்த்தால், பொண்டாட்டி கூடப் பிறந்தவன்தானே கயிறு பிடிக்க வேண்டும்?

திண்ணையில் பெரியவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒன்றும் சொல்வதில்லை. போன வாரம் மட்டும் தன்னுடைய பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"தம்பி, அந்தத் தூளி எப்ப காலியாகும்?"