மொரீஷியஸ்: கருங்கல்லும் வெள்ளை மணலும் – 1

விமானம் தாழ இறங்கியபோது, கரைக்கும் முன்னால், தீவைச் சுற்றி ஓடும் ஒரு வெள்ளை நுரைக்கோடு தெரிந்தது. கோட்டுக்கு அப்பால் கடல் கருநீலம், உட்பக்கம் இளம்பச்சை. பவழத்திட்டு மொரீஷியஸை ஏறக்குறைய முழுவதும் வளைத்து நிற்பதால் அலைகள் அங்கேயே உடைந்துவிடுகின்றன. தெற்கே கிரி-கிரி பக்கம் மட்டும் திட்டு இல்லை. அங்கே இந்தியப் பெருங்கடல் நேராக வந்து பாறையில் அறைகிறது.

விமான நிலையம் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது. வெளியே வந்ததும் குளிர்ந்த காற்று. ஜூலை அங்கே குளிர்காலம். சாலையின் இருபுறமும் ஆள் உயரத்துக்கு மேல் கரும்பு, பூ வைத்து நிற்கிறது. அந்தப் பசுமைக்கு நடுவே கருங்கற்களை அடுக்கிய குவியல்கள். சில சிறு குன்றுகள் போல, சில படிப்படியாக ஏறும் கூம்புகளாக. கோயில் இடிபாடு என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும்.

டாக்ஸி ஓட்டியவர் தமிழ் வம்சாவளி. பேசுவது கிரியோல், கொஞ்சம் ஆங்கிலம். தைப்பூசத்துக்கு ஆண்டுதோறும் காவடி எடுப்பவர். அன்று நாடு முழுக்க அரசு விடுமுறை என்று பெருமையாகச் சொன்னார். குவியல்களைப் பற்றிக் கேட்டதும் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். எரிமலைத் தீவு இது. மண்ணைத் தோண்டினால் பாறைதான். கரும்பு நட வேண்டுமானால் முதலில் கல்லை அகற்ற வேண்டும். ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகளும், 1835-இல் அடிமைமுறை ஒழிந்த பிறகு இந்தியக் கூலிகளும் கையால் பொறுக்கிச் சேர்த்த கற்கள் அவை. “எங்கள் ஆட்களும் பொறுக்கியிருக்கிறார்கள் சார்” என்றார். சுற்றுலாக் கையேடுகளில் கடற்கரைப் படங்கள் எத்தனை எத்தனை! இந்தக் கற்களுக்கு ஒரு பக்கமாவது ஒதுக்கியிருக்க வேண்டும்.

வாடகைக்கு நீட்டிய ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருந்தது. ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், பிறகு இந்தி. 1998-இல் வந்த புது நோட்டுகளில் இந்த வரிசை மாறியதற்குத் தமிழர்கள் கடுமையாக எதிர்ப்புத் தெரிவிக்க, அரசு அவற்றைத் திரும்பப் பெற்றது. கூலிகள் வருவதற்கு நூறாண்டுக்கு முன்பே, பிரெஞ்சுக்காரர் காலத்தில், புதுச்சேரியிலிருந்து கொத்தர்களும் தச்சர்களும் இங்கே வந்திருக்கிறார்கள். அந்த மூப்புக்கான உரிமை அது.

மாயேபூரைத் தாண்டி ப்ளூ பே. சவுக்குத் தோப்பு, அதன் காலடியில் வெள்ளை மணல். தீவின் பாறையெல்லாம் கருப்பு, மணல் மட்டும் எப்படி வெண்மை? அள்ளிப் பார்த்தால் தெரிகிறது: பவழத் துணுக்கும் சிப்பித் தூளும். காலையில் வானத்திலிருந்து பார்த்த திட்டுதான் பொடிந்து காலுக்கடியில் கிடக்கிறது. தண்ணீர் அசைவில்லாமல் இருந்தது. இடுப்பளவு ஆழத்தில் நின்றாலும் கால்விரல்கள் தெரிந்தன.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். பாய், பாத்திரம் நிறைய பிரியாணி, குழந்தைகள். ஒரு முதியவர் சுள்ளிகளைக் கொளுத்தி, ஆட்டுத்தோல் கட்டிய ராவான் என்ற வட்டப்பறையைத் தீயில் காட்டிச் சூடேற்றினார். நம்மூரில் பறையைக் காய்ச்சுவது போலவேதான். தோல் விறைத்ததும் சேகா தொடங்கியது. பெண்கள் கால் எடுக்காமல், பாதத்தை மணலில் உரசியபடியே ஆடினார்கள். அடிமைகள் வளர்த்த ஆட்டம் இது. 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்திருக்கிறது. பக்கத்துப் பாயிலிருந்த புடவை கட்டிய பாட்டியும் எழுந்து போய் ஆடினார். எனக்கு அந்தப் பகல் முழுவதும் அங்கேயே இருந்துவிடத் தோன்றியது, இருந்தேன்.

நாளை பேருந்தில் போர்ட் லூயி. 1834 முதல் ஏறக்குறைய ஐந்து லட்சம் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக இத்தீவுக்கு வந்தார்கள். அவர்கள் இறங்கிப் பதிவான ஆப்ரவாசி காட் துறைமுகத்தை ஒட்டியே இருக்கிறது. கல்லைப் பொறுக்கியவர்கள் எந்த வாசல் வழியாக வந்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

(தொடரும்)