எண்ணுக்குப் பக்கத்து வரி

கோவை கணபதியில், லேத் பட்டறைகளுக்கும் மோட்டார் காயில் கட்டும் கடைகளுக்கும் நடுவே, நூற்பாலை இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டு போர்டு செய்யும் சிறிய நிறுவனம் ஒன்று இருக்கிறது. கீழே சால்டரிங் வாசனை. மாடியில் நீளமான ஒரு மேஜை, அதன்மேல் நான்கைந்து போர்டுகள், ஒரு ஆசிலோஸ்கோப், ஓரமாக ஸ்பைரல் பைண்டிங் செய்த தடித்த புத்தகங்கள். அந்த மேஜையில் நடக்கும் வேலையைப் பார்க்கத்தான் போயிருந்தேன். ஒரு ரியல்டைம் ஆபரேட்டிங் சிஸ்டம், குறிப்பிட்ட ஒரு பிராசஸரில் ஒவ்வொரு காரியத்துக்கும் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்று அளந்து எழுதி, எழுதியது பழசாகிவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை அது.

இந்த வேலை எதற்கு என்பதை அங்கே பொறுப்பில் இருக்கும் மூத்த பொறியாளர் ஒரு கணக்கிலேயே சொல்லிவிட்டார். மோட்டாரின் மின்னோட்டத்தை விநாடிக்கு 10,000 முறை சரிபார்க்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்குக் கிடைப்பது 100 மைக்ரோவிநாடி. 168 மெகாஹெர்ட்ஸ் பிராசஸரில் அது 16,800 சைக்கிள். அந்த 16,800-ல் ஆபரேட்டிங் சிஸ்டம் தனக்கென்று எவ்வளவு எடுத்துக்கொள்ளும் என்பது தெரிந்தால்தான் மிச்சத்தில் என்ன செய்ய முடியும் என்று இயந்திரம் செய்பவர் தீர்மானிக்க முடியும். லியூ, லேலண்ட் இருவரும் 1973-ல் எழுதிய கட்டுரை, அடிக்கடி ஓட வேண்டியதற்கு முதலிடம் என்ற விதியில் வரிசைப்படுத்தினால், எத்தனை டாஸ்க் இருந்தாலும், பிராசஸரின் மொத்தச் சுமை சுமார் 69 சதவீதத்தைத் தாண்டாதவரை எதுவும் கெடு தவறாது என்று நிறுவியது. ஆனால் அந்தக் கணக்கைப் போட ஒவ்வொரு டாஸ்க்கின் நேரமும் கையில் இருக்க வேண்டும். சூத்திரத்தைப் பாடப்புத்தகம் தந்துவிடும். எண்ணை யாராவது அளந்துதான் தர வேண்டும்.

“அளக்கறது பெரிய விஷயம் இல்லீங்க. எந்த நிலைமையில அளந்தோம்னு எழுதறதுலதான் முக்கால்வாசி வேலை” என்றார் அவர்.

அவர்கள் பயன்படுத்தும் சிஸ்டத்தின் பெயர் ஆர்டெம்ஸ். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஹன்ட்ஸ்வில் நகரில், ராணுவத்தின் ஏவுகணைப் பிரிவுக்காக 1988-ல் தொடங்கிய வேலை அது. பின்னாளில் எல்லோருக்கும் திறந்த மென்பொருளாகி, துகள் முடுக்கிகள் முதல் விண்கலங்கள் வரை போய்விட்டது. அதோடு வரும் சோதனைத் தொகுப்பில் நேரம் அளப்பதற்கென்றே டிஎம்01 முதல் வரிசையாகச் சிறு நிரல்கள் இருக்கின்றன. செமஃபோர் எடுக்க எவ்வளவு, டாஸ்க் மாற எவ்வளவு, செய்தி அனுப்ப எவ்வளவு என்று ஒவ்வொன்றும் ஒரு பகுதியை அளக்கும். அளக்கும் கடிகாரத்தைத் தொடங்கி நிறுத்துவதற்கே கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதை அறியவும் தனியாக ஒரு நிரல் உண்டு. பாத்திரத்தோடு எடை போட்டுப் பாத்திரத்தின் எடையைக் கழிப்பதுபோல அந்த நேரத்தை முதலில் கழித்துவிட வேண்டும்.

அலமாரியிலிருந்து ஒரு பழைய பிரதியை எடுத்துக் கொடுத்தார். மோட்டரோலா 68020 பிராசஸருக்கு ஆர்டெம்ஸ்காரர்கள் எழுதிய துணைக் கையேடு. “நான் எழுதக் கத்துக்கிட்டது இதைப் பார்த்துத்தான்” என்றார். நேர அட்டவணை தொடங்குவதற்கு முன்னால் ஒரு பத்தி இருக்கிறது. அளந்த போர்டு எம்விஎம்இ135. வேகம் 20 மெகாஹெர்ட்ஸ். நினைவகத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும் ஒரு காத்திருப்பு சைக்கிள். அளந்த கருவி போர்டிலேயே உள்ள ஒரு கவுன்டர். அதற்கு அரை மைக்ரோவிநாடிக்குக் கீழே பிரித்துப் பார்க்கத் தெரியாது. அளக்கும்போது வெளியிலிருந்து இன்டரப்ட், அதாவது ஓடும் வேலையை இடைமறிக்கும் சமிக்ஞை, எதுவும் வராமல் அடைத்து வைத்திருந்தார்கள். இத்தனையும் சொல்லிவிட்டுத்தான் எண்களுக்கு வருகிறார்கள்.

அதற்குள்ளேயே ஒரு விதிவிலக்கையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். ஆபரேட்டிங் சிஸ்டம் தன் உள்பட்டியல்களைத் திருத்தும்போது இன்டரப்டுகளைச் சிறிது நேரம் அடைத்து வைக்கும். அந்த அடைப்பு அதிகபட்சம் எவ்வளவு நீளும் என்பதுதான் அவசரச் சாதனங்களை இணைப்பவருக்கு மிக முக்கியமான எண். அதை மட்டும் அவர்கள் போர்டில் அளக்கவில்லை. அடைப்புக்கும் திறப்புக்கும் நடுவிலுள்ள கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து, மோட்டரோலா கையேடு தரும் மிக மோசமான சைக்கிள் எண்ணிக்கையைக் கூட்டி, 20-ஆல் வகுத்திருக்கிறார்கள். நினைவகத்துக்குக் காத்திருப்பே இல்லை என்று வைத்துப் போட்ட கணக்கு இது என்பதையும், பிராசஸரின் கேஷ் அணைந்திருப்பதாகக் கொண்டது என்பதையும் எழுதிவிட்டார்கள். அட்டவணையில் ஒரு எண் அளந்தது, இன்னொன்று கணக்கிட்டது. இரண்டின் நிபந்தனையும் வேறு. படிப்பவர் அதைத் தெரிந்துகொண்டு தன் போர்டுக்கு ஏற்பச் சரிசெய்துகொள்ளலாம். இந்தத் தொழிலின் நேர்மை அந்தப் பத்தியில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

இன்னொரு நல்ல வழக்கத்தையும் அவர் அங்கிருந்தே எடுத்துக்கொண்டிருக்கிறார். எண்களைக் கையேட்டுக்குள் நேராகத் தட்டுவதில்லை. ஒவ்வொரு போர்டுக்கும் தனிக் கோப்பில் எண்கள் இருக்கும். பொதுவான கையேட்டில் வெற்றிடங்கள் இருக்கும். ஒரு சிறு நிரல் அந்த இடங்களை நிரப்பிப் புத்தகத்தை உருவாக்கும். இதனால் ஒரு போர்டின் எண் இன்னொரு போர்டின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளாது. அளக்காத எண்ணுக்கு இடம் காலியாகவே இருக்கும். “காலியா இருந்தா கேப்பாங்க. பழைய எண்ணு இருந்தா நம்பிருவாங்க” என்றார்.

மேஜையின் மறுமுனையில் ஒரு இளம் பொறியாளர் இன்டரப்ட் தாமதத்தை அளந்துகொண்டிருந்தார். போர்டின் ஒரு பின்னில் வெளியிலிருந்து சமிக்ஞை வருகிறது. அது ஸ்கோப்பில் மஞ்சள் கோடு. அதைக் கவனிக்கும் நிரல் ஓடத் தொடங்கியதும் இன்னொரு பின்னை உயர்த்துகிறது. அது நீலக் கோடு. இரண்டுக்கும் இடைவெளிதான் தாமதம். கார்டெக்ஸ்-எம்4 பிராசஸருக்கு ஆர்ம் நிறுவனம் சொல்வது, நினைவகம் காத்திருக்க வைக்காவிட்டால், 12 சைக்கிள். 168 மெகாஹெர்ட்ஸில் அது 71 நானோவிநாடிக்குச் சற்று மேல். சிப்பின் கணக்கு அங்கே முடிகிறது. ஆபரேட்டிங் சிஸ்டத்தின் நுழைவு வேலை, அடைப்பு, நிரல் நினைவகத்திலிருந்து வந்து சேரும் நேரம் எல்லாம் அதற்கு மேல்தான்.

வந்த கோடுகள் அழியாமல் திரையிலேயே தங்கும்படி ஸ்கோப்பை வைத்திருந்தார். மஞ்சள் கோடு ஒரே இடத்தில் நிற்க, நீலக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அடர்ந்த பட்டையாகியிருந்தன. பட்டைக்கு வெகுவாக வலப்பக்கம், தனியே மெல்லிய ஒரு கோடு. “இதுக்காகத்தாங்க ராத்திரி பூரா ஓடவிட்டேன்” என்று அதைக் காட்டினார். இன்டரப்ட் சரியாக அடைப்பு விழுந்த கணத்தில் வந்திருக்கிறது. சராசரி எடுத்தால் அந்தக் கோடு தடமில்லாமல் போய்விடும். ஆர்டெம்ஸின் பழைய சோதனைகள் பலவும் ஒரு செயலை 100 முறை செய்து மொத்த நேரத்தை வகுத்துத்தான் எண் தருகின்றன. இரண்டு பிராசஸர்களை ஒப்பிட அது போதும். கெடு தவறுமா என்று பார்க்கப் போதாது. எனவே இவர்கள் புத்தகத்தில் சராசரிக்கும் கண்டவற்றில் அதிகபட்சத்துக்கும் தனித்தனிப் பத்திகள். “அதிகபட்சம்” என்று மட்டும் எழுதாமல் “கண்டவற்றில் அதிகபட்சம்” என்றே எழுதுகிறார்கள். அதைவிடப் பெரியது வராது என்று அளவீடு உறுதி சொல்லாதே.

மதியத்துக்குமேல் ஒரு சிக்கலை அவிழ்ப்பதைப் பார்த்தேன். செமஃபோர் எடுக்கும் நேரம் முந்தைய வெளியீட்டைவிட ஒருசில சைக்கிள் கூடியிருந்தது. அந்தப் பகுதி நிரலில் யாரும் கை வைக்கவில்லை, கம்பைலரும் மாறவில்லை. லிங்கர் எழுதித்தரும் முகவரிப் பட்டியல்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் தேடினார்கள். வேறொரு கோப்பில் சேர்த்த சிறு செயல்பாடு ஒன்று, பின்னால் வந்த எல்லாவற்றையும் நகர்த்தியிருந்தது. அவர்கள் போர்டில் உள்ள எஸ்டிஎம்32எஃப்407 சிப்பில் ஃப்ளாஷ் நினைவகம் ஒரு தடவைக்கு 16 பைட் படிக்கும். முழு வேகத்தில், வழக்கமான 3.3 வோல்ட்டில், ஒவ்வொரு படிப்புக்கும் 5 சைக்கிள் காத்திருக்க வேண்டும். முன்பு ஒரு வரிசைக்குள் அடங்கியிருந்த கட்டளைகள் இப்போது இரண்டு வரிசைகளில் பிரிந்து விழுந்திருந்தன. சிப்பில் இதை மறைக்க ஒரு சின்ன கேஷ் இருக்கிறது; ஆனால் முதல்முறை ஓடும்போது அது காலியாகத்தானே இருக்கும்.

புதிய எண்ணைப் போட்டுவிட்டு நகர்ந்திருக்கலாம். அவர்கள் கேஷ் திறந்தும் மூடியும், முகவரியை வேண்டுமென்றே நகர்த்தியும் மறுபடி அளந்தார்கள். புத்தகத்தில் ஒரு எண் இருந்த இடத்தில் இப்போது ஒரு எல்லை இருக்கிறது. பக்கத்து வரியில் காரணமும் இருக்கிறது.

பிராசஸர் மாறினால் எண் மட்டும் மாறுவதில்லை, எதை அளக்க வேண்டும் என்பதே மாறிவிடுகிறது. கார்டெக்ஸ்-எம்4-ல் ஒரு டாஸ்க் மிதவைப்புள்ளிக் கணக்கு வன்பொருளைத் தொட்டிருந்தால், இன்டரப்ட் வரும்போது ஒதுக்க வேண்டிய இடம் 8 சொல்லிலிருந்து 26 சொல்லாகிவிடும். எனவே அட்டவணையில் இரண்டு வரிசை தேவை. ஐரோப்பிய விண்கலங்களில் ஓடும் லியான் பிராசஸர்கள் ஸ்பார்க் வகை. அதில் செயல்பாடுகள் ஒன்றையொன்று எவ்வளவு ஆழமாக அழைத்திருக்கின்றன என்பதைப் பொறுத்து டாஸ்க் மாறும் நேரமே மாறும். அதை ஆழம்வாரியாக அளக்க ஆர்டெம்ஸில் தனிச் சோதனையே உண்டு. ஒரு பிராசஸரின் கையேட்டை நகலெடுத்து எண்ணை மட்டும் மாற்றினால் இந்த வரிசைகள் விடுபட்டுப் போகும்.

காலம் போகப்போக வேலை கடினமாகிக்கொண்டும் வருகிறது. 68020-க்கு மோட்டரோலா ஒவ்வொரு கட்டளைக்கும் சிறந்தது, கேஷில் இருந்தால், மிக மோசமானது என்று மூன்று நேரம் தந்தது. கார்டெக்ஸ்-எம்4-க்கும் ஆர்ம் சைக்கிள் அட்டவணை தந்திருக்கிறது. கார்டெக்ஸ்-எம்7-க்கு வரும்போது கட்டளைவாரியான அந்த அட்டவணை கையேட்டிலேயே இல்லை. இரண்டு கட்டளைகளைச் சேர்த்து ஓட்டி, கிளை எங்கே திரும்பும் என்று ஊகித்து ஓடும் பிராசஸரில் ஒரு கட்டளைக்கு ஒரு எண் என்று தர முடியாது. விமானத் துறையில் இதற்கென ஜெர்மனியின் சார்ப்ரூக்கன் நகரிலுள்ள அப்சின்ட் நிறுவனத்தின் ஏஐடி போன்ற கருவிகள் இருக்கின்றன. பிராசஸரின் மாதிரியை வைத்துக்கொண்டு நிரலை ஓட்டாமலே மேல்வரம்பைக் கணிக்கும். அதற்கும் பிராசஸருக்குப் பிராசஸர் தனி மாதிரி வேண்டும். சிப் செய்தவர் அட்டவணை தராத இடத்தில், அளந்து எழுதுபவரின் பொறுப்பு கூடுகிறது.

இத்தனை பொறுப்புள்ள வேலைக்குத் திட்ட அட்டவணையில் நாள் ஒதுக்கும் இடங்கள் குறைவு. நிரல் எழுதியவருக்குப் பெயர் கிடைக்கும். சோதித்தவருக்கும் ஓரளவு கிடைக்கும். எழுதி வைத்தவரை யாரும் கேட்பதில்லை. எண் தப்பாகப் போன பிறகுதான் புத்தகத்தைத் தேடுவார்கள். இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கும் தொழிலாளியின் விரலும் இந்த மைக்ரோவிநாடிகளை நம்பித்தான் இருக்கிறது. அந்த நிறுவனத்தில் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னால் முழு அளவீட்டுக்கும் எழுத்துக்கும் நாள் ஒதுக்குகிறார்கள். அது முடியாமல் போர்டு வெளியே போகாது. மற்ற நிறுவனங்களும் இதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆட்களைப் பழக்கும் முறையும் அங்கே எனக்குப் பிடித்திருந்தது. வேலைக்குப் புதிதாக வருபவரிடம் புத்தகத்தையும் ஒரு போர்டையும் கொடுத்து, இதில் உள்ளதை மட்டும் வைத்துக்கொண்டு எல்லா எண்ணையும் திரும்பக் கொண்டுவரச் சொல்கிறார்கள். நான் இருந்தபோதே கல்லூரி முடித்துப் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் எழுந்து வந்து, “மேடம், அளக்கும்போது யுஎஸ்பி டீபக்கர் சொருகியிருக்கணுமா, கழட்டிடணுமா? புக்ல இல்லையே” என்று கேட்டார். மூத்தவர் பதில் சொல்லவில்லை. “ரெண்டு விதமாவும் அளந்து பாரும்மா. வித்தியாசம் வந்தாலும் வராட்டியும் அந்த வரியை நீயே எழுதிச் சேர்த்துரு” என்றார்.