கொட்டகைக்கு வெளியே கேட்ட வசனம்

ஆண்டிமடத்தில் எங்கள் வயதுக்காரர்களிடம் பழைய படம் ஒன்றின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். "பார்த்திருக்கேன்" என்பதற்கு முன்னால் வசனம் வந்து விழும். எழுபதுகளில் எங்களுக்கு சினிமா பாதி காது வழியாகத்தான் வந்தது.

ஊர் ஓரத்தில் கீற்றுக் கொட்டகை. மணல் தரை, ஒரே புரொஜெக்டர். ரீல் மாற்றும்போதெல்லாம் முறுக்கும் சோடாவும் வலம் வரும். பங்குனி, சித்திரையில் முந்திரிக் காட்டில் பொறுக்கிய கொட்டையைக் கடையில் போட்டால் தரை டிக்கெட்டுக்குக் காசு தேறும். கொட்டையின் பால் பட்டுத் தோலுரிந்த விரல்களோடுதான் பாதிப் படங்களைப் பார்த்தோம். காசு தேறாத நாளில் தட்டிக்கு வெளியே உட்கார்ந்து கேட்பது. சண்டைப் படமென்றால் வெறும் சத்தம்தான். நாடகத்திலிருந்து வந்த படமென்றால் ஒரு காட்சி விடாமல் கதை முழுக்கக் கிடைத்துவிடும்.

காரணம் எளிது. மைக் இல்லாத காலத்து மேடையில் கடைசி வரிசைக்காரனுக்கும் கேட்கும்படி வளர்ந்த மரபு அது. பம்மல் சம்பந்த முதலியாரின் 'மனோகரா' 1954இல் கருணாநிதியின் வசனத்தோடு சிவாஜியும் கண்ணாம்பாவும் நடித்துப் படமானபோதும் அந்தக் குரல்கட்டு குறையவில்லை. திரௌபதி அம்மன் கோயிலில் விடிய விடியக் கூத்துப் பார்த்த எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு அது புதிதாகவே தெரியவில்லை. "இது நம்ம கூத்துதான்டா, துணியில ஆடுறானுவ" என்பார் ஒரு தாத்தா.

அதே 1954இல் வந்த 'ரத்தக்கண்ணீர்' எங்களுக்கு மறு வெளியீட்டில்தான் கிடைத்தது. திருவாரூர் தங்கராசு எழுதி, எம்.ஆர். ராதா ஊர் ஊராக நடத்திய நாடகம். 'பராசக்தி' எடுத்த கிருஷ்ணன்-பஞ்சு அதைப் படமாக இயக்கினார்கள். சீமையிலிருந்து திரும்பும் நாயகன் மோகனசுந்தரத்தின் திமிரும், நோய் வந்தபின் அதே தொண்டையில் ஏறும் கரகரப்பும் தட்டிக்கு வெளியே இருந்தவனுக்கும் துல்லியமாகத் தெரியும். கெஞ்சும்போதுகூட நக்கல் போகாது. படம் ஓடிய பிறகும் ராதா அந்த நாடகத்தை விடாமல் நடத்தினார் என்பதே அதன் பலத்துக்குச் சான்று.

'வியட்நாம் வீடு' (1970) வேறு வகை. சுந்தரம் எழுதி சிவாஜி நாடக மன்றம் போட்டதை பி. மாதவன் படமாக்கினார். அதன் நாயகன் பிரஸ்டீஜ் பத்மநாபன் மாதிரி ஒரு மனிதரை எங்கள் முந்திரிக் காட்டில் யார் பார்த்தார்கள்? ஆனாலும் சம்பாத்தியம் நின்றதும் சொந்த வீட்டிலேயே பேச்சு எடுபடாமல் போகும் அப்பன் எல்லாத் தெருவிலும் இருந்தார். பெண்கள் பகுதியில் மூக்கு உறிஞ்சும் ஓசை வெளியே வரைக்கும் கேட்டது.

மேடையிலிருந்து திரைக்குப் போனவை எங்கள் ஊரில் மறுபடி மேடைக்கே திரும்பின. பொங்கலுக்கு இளைஞர்கள் நாடகம் போடுவார்கள். பெண் வேடத்துக்கு வெளியூர் நடிகைகள் வருவார்கள். 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வசனத்தைக் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் கேட்டுக் கேட்டே பாடம் பண்ணியிருப்பார்கள். சக்தி கிருஷ்ணசாமி சிவாஜியின் மேடைக்கு எழுதி, 1959இல் பந்துலு வண்ணத்தில் எடுத்த படம் அது. எங்கள் கட்டபொம்மனுக்குத் தலையில் மாமாவின் ஜரிகைத் துண்டு. வெள்ளைக்கார ஜாக்சனுக்கு முகமெல்லாம் பவுடர். வசனம் மட்டும் பிசகாது.

இந்தப் படங்களில் கேமரா நகரவே இல்லை, எல்லாரும் கத்துகிறார்கள் என்று இன்றைய பிள்ளைகள் சொல்கிறார்கள். உண்மைதான். ஒளிப்பதிவைப் பார்த்து மதிப்பெண் போட்டால் பல படங்கள் தேறா. நடிப்பைக் குரலில் வைத்த கலைஞர்களின் படங்கள் இவை. என் பட்டியலில் முதலிடம் 'ரத்தக்கண்ணீர்'தான். இதுவரை பார்க்காதவர்கள் முதல் அரை மணி நேரத்தைத் திரையைப் பார்க்காமல் கேட்டுப் பாருங்கள். மீதியைப் பார்க்காமல் எழுந்திருக்க மாட்டீர்கள்.