காயா பூக்கும் காடு

காயாம்பூவைப் பற்றி இருபது ஆண்டுகளாக வகுப்பில் பேசி வருகிறேன். முல்லை நிலத்துப் பூ, மாயோன் நிறத்துக்கு உவமை என்றெல்லாம். அம்மரத்தை நேரில் கண்டதோ நாற்பது வயதுக்குப் பின்னர்தான். தட்டாஞ்சாவடியில் என் வீட்டிலிருந்து அரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டில், கிளையோடு ஒட்டிப் பூத்திருந்த அந்த நீலத்தைக் காட்டி "காசா" என்றார் கடை போட்டிருந்த மூதாட்டி.

அக்காடு ஒரு புதிர். ஆண்டில் பெருமழை பெய்வது ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களே. பிறகு நீண்ட வறட்சி. ஆயினும் இலை உதிர்வதில்லை. சூழலியலாளர்கள் இதனை உலர் பசுமைமாறாக் காடு என்பர். 1955இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றிய வி. எம். மெஹர்-ஹோம்ஜி, இக்காட்டின் தோற்றம் குறித்து 1974இல் ஒரு கட்டுரை எழுதினார். மழையின் அளவை மட்டுமன்றி அது பெய்யும் பருவத்தையும், வறண்ட மாதங்களின் எண்ணிக்கையையும் தாவரங்களோடு பொருத்திப் பார்ப்பதே அவர் வாழ்நாள் பணி. ஒரு நிலத்தில் எது வளர்ந்திருந்தது என்று அறியாமல் அதை எப்படி மீட்பது? (பாடபேதம் பார்க்காமல் பதிப்பிக்கும் நம்மவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளலாம்.)

அந்த அறிவு மண்ணில் இறங்கியதை ஆரோவில்லில் காணலாம். செம்மண் வெடித்துக் கிடந்த மேட்டில் முதலில் நடப்பட்டவற்றில் விரைந்து வளரும் ஆஸ்திரேலிய வேலமரங்கள் மிகுதி. அவற்றின் நிழலில் காசா, வீரை போன்ற நாட்டு மரங்கள் மெல்ல எழுந்தன. 2000இல் அங்கே தாவரவியல் தோட்டத்தைத் தொடங்கிய சூழலியலாளர் பால் பிளாஞ்ச்ஃபிளவர், எஞ்சிய காடுகளிலிருந்து விதை திரட்டிக் கன்றாக்குவதையே முதன்மைப் பணியாகக் கொண்டார். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது வேலமரங்கள் பெருமளவில் சாய்ந்தன; கீழிருந்த நாட்டு மரங்கள் பெரும்பாலும் நின்றன.

அதே புயலில் எங்கள் கல்லூரி வளாகத்துக் குல்மோகர் மரங்களும் விழுந்தன. மாணவர்களைக் கூட்டி வந்து நட்டவன் நான்தான். விரைவில் நிழல் தரும், பூத்தால் அழகாயிருக்கும் என்பதற்கு மேல் அன்று எதையும் யோசிக்கவில்லை. அவ்விடம் இன்னும் வெறுமையாகவே கிடக்கிறது.

இவ்வாண்டு அங்கே காசாக் கன்றுகள் நடலாம் என்று முதல்வரிடம் கேட்டேன். நிழல் தர எத்தனை ஆண்டாகும் என்றார். நாம் இருவரும் ஓய்வு பெற்ற பிறகு என்றேன். கோப்பு இன்னும் அவர் மேசையில் இருக்கிறது.