கூடைப்பந்தும் கூடுதல் வகுப்பும்



2019ஆம் ஆண்டு. ஜொகூரில் நான் கற்பித்த ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி, கூடைப்பந்துப் பயிற்சிக்குச் செல்ல அனுமதி கேட்டாள். "முதலில் யுபிஎஸ்ஆர், பிறகு விளையாட்டு" என்று கூறிக் கூடுதல் வகுப்பில் அமர வைத்தேன். "வெயில்ல கருத்துப் போறா. நல்லவேளை நிறுத்திட்டீங்க, டீச்சர்" என்றார் அவளுடைய தாயார். நானும் மகிழ்ந்தேன்.

அண்மையில் சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரையைப் பற்றிப் படித்தேன். 2000 முதல் 2017 வரை இந்திய மகளிர் கூடைப்பந்து அணியில் ஆடியவர். 19 வயதிலேயே அணித்தலைவியானவர். ஆசிய வெற்றியாளர் போட்டிகளில் 9 முறை களமிறங்கிச் சாதனை படைத்தார். தாயான பின்பும் ஆடுகளம் திரும்பினார். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

சாதனைப் பட்டியலில் வீராங்கனையின் பெயர் மட்டுமே இருக்கும். "போய் ஆடு" என்று அனுப்பியவர்களின் பெயர் இராது. "வேண்டாம்" என்று தடுத்தவர்களின் பெயரும் இராது. என்னைப் போன்றோர் தப்பித்துக் கொள்வது அதனால்தான்.

யுபிஎஸ்ஆர் தேர்வே 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. அம்மாணவி இப்போது கல்லூரியில் பயில்கிறாள். கடந்த தீபாவளியன்று அவளைக் கண்டபோது, "இன்னும் ஆடுகிறாயா, அம்மா?" என்று கேட்டேன். சிரித்தாள்; விடை சொல்லவில்லை.

இவ்வாண்டு பயிற்சி நாளில் நான் கூடுதல் வகுப்பு வைப்பதில்லை. பெற்றோர்களே, உங்கள் மகள் பந்தோடு வந்து நின்றால், மறுக்குமுன் ஒரு கணம் யோசியுங்கள்.