வற்றும் கடலருகே இரண்டு இரவுகள்

எங்களுக்குத் திருமணமாகி மூன்றாண்டுகள் நிறைந்துவிட்டன. நானும் என் இணையரும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த நாள்களைக் கூட்டினால் ஐந்து மாதம் தேறலாம். நான் கொல்கத்தாவில் வரலாற்றுத் துறை ஆய்வாளர். அவர் ஐதராபாத்தில் உயிர்வேதியியல் ஆய்வகமொன்றில் இருக்கிறார். 2024ஆம் ஆண்டின் குடியரசு நாள் வெள்ளிக்கிழமையில் வந்ததால் மூன்று நாள் விடுமுறை வாய்த்தது. ஒடிசாவின் பாலசோர் அருகே உள்ள சண்டிப்பூரில் சந்திப்பதென முடிவு செய்தோம். நடுவழி என்று சொல்ல இயலாது. எனக்கு நான்கு மணி நேரப் பயணம், அவருக்கு ஏறத்தாழ ஒரு முழுநாள்.

விடுதி எடுக்கவில்லை. கணவன் மனைவி என்பதற்கு ஆதாரம் கேட்கும் வரவேற்பு மேசைகளில் போதுமான அளவு நின்றாயிற்று. சவுக்குத் தோப்புக்குப் பின்னால் ஒரு மீனவக் குடும்பத்தின் மனையில், இரவல் வாங்கிய கூடாரத்தை அடித்துக்கொண்டோம். வீட்டுக்கார அம்மா எந்தச் சான்றும் கேட்கவில்லை. குழந்தைகள் எத்தனை என்று மட்டும் கேட்டார்.

சண்டிப்பூர்க் கடலின் இயல்பு விந்தையானது. கடலடி மிகச் சரிவின்றிக் கிடப்பதால், ஓதம் இறங்கும்போது நீர் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் வரை பின்வாங்கிவிடுகிறது. நாள்தோறும் இருமுறை இது நிகழ்கிறது; ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தள்ளிப்போகிறது. வியாழக்கிழமை தைப்பூசம், முழுநிலவு. ஆகவே அவ்வார இறுதியில் ஏற்றமும் வற்றமும் உச்சத்தில் இருந்தன. சற்றுமுன் அலையடித்த இடத்தில் மிதிவண்டி ஓட்டிச் செல்கிறார்கள். திரும்ப வேண்டிய நேரத்தை உள்ளூர்க்காரர்களிடம் கேட்டுக்கொண்டுதான் நாங்கள் இறங்கினோம்.

இரண்டு கிலோமீட்டர் நடந்திருப்போம். ஈரமணலில் குதிரைலாட நண்டு ஒன்று மல்லாந்து கிடந்தது. பெயரில்தான் நண்டு, உறவு சிலந்திக்கும் தேளுக்கும் நெருக்கம். அவர் சட்டென மண்டியிட்டார். செம்புச்சத்தால் நீலநிறம் கொண்ட இவ்வினத்தின் குருதி, பாக்டீரிய நச்சு சிறிதளவு பட்டாலும் உறைந்துவிடும். ஊசிமருந்துகளில் அந்நச்சு இல்லை என்பதை உறுதிசெய்ய அமெரிக்க இனத்தின் குருதியிலிருந்து எடுத்த வினைப்பொருள் பயன்படுகிறது. ஆறாண்டுகளாக அதைக் குப்பியில் கையாண்டவர் அன்றுதான் உயிரோடு ஒன்றைப் பார்த்தார். வாலைப் பிடிக்காமல், ஓட்டின் இரு ஓரங்களையும் பற்றி நிமிர்த்தி வைத்தார். அது கடலை நோக்கி மெல்ல நகர்ந்தது.

அதைப் பார்த்துக்கொண்டே அவர், "ஜெர்மனியிலிருந்து பதில் வந்துடுச்சுப்பா. ரெண்டு வருஷம்," என்றார்.

எனக்கு உதவித்தொகையில் எஞ்சியிருப்பது ஏழு மாதம். மாதம் 42,000 ரூபாய் நின்றபின் ஆய்வேட்டை எழுதி முடிப்பவர்களையும் கண்டிருக்கிறேன், எழுதாமல் போனவர்களையும் கண்டிருக்கிறேன். உடன் சென்றால் என் ஆவணக் காப்பகங்கள் இங்கே. செல்லாவிட்டால் இன்னும் இரண்டாண்டுகள் அலைபேசித் திரையில் குடும்பம். எனக்கு முப்பத்திரண்டு வயது. வீட்டுக்கார அம்மாவின் கேள்வியை இரு வீட்டாரும் வாரந்தோறும் கேட்கிறார்கள். பெண் ஆய்வாளரின் கால அட்டவணையில் இவை யாவும் ஒரே பத்தாண்டுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வருவதைப் பல்கலைக்கழகங்கள் ஏதோ தனிப்பட்ட வசதிக்குறைவாகவே கருதுகின்றன.

அன்றிரவு பேசினோம், உடன்பாடில்லை. கூடாரத்துக்குள் இருவர் சண்டையிட்டுக்கொண்டு தள்ளிப்படுக்க இடமுமில்லை.

மறுநாள் புத்தபலங்கா ஆற்றங்கரைக்குப் போனோம். இவ்வாற்றங்கரைப் பகுதியில்தான் 1915 செப்டம்பர் 9 அன்று பாகா ஜதீனும் நான்கு தோழர்களும் ஆங்கிலேயக் காவல் படையோடு மோதினர். ஜெர்மானிய ஆயுதக் கப்பலை எதிர்பார்த்துக் காத்திருந்தவர்கள், கப்பல் வரவேயில்லை. இதை நான் சொல்லி முடித்ததும், "அப்ப ஜெர்மனியை நம்பக்கூடாதுங்கிறியா?" என்றார். இரண்டு நாள்களில் முதன்முறையாக இருவரும் சிரித்தோம்.

"நீ போ. நான் ஆகஸ்டுக்குள்ள ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கிறேன். அதுக்கப்புறம் வர்றதா வேணாமாங்கிறதை நான் முடிவு பண்றேன். உங்க அம்மாகிட்ட நீதான் சொல்லணும்," என்றேன். கடைசி நிபந்தனைக்குத்தான் நெடுநேரம் யோசித்தார். பிறகு சரி என்றார்.

ஞாயிறன்று பாலசோர் நிலையத்தில் எங்கள் வண்டிகள் எதிரெதிர்த் திசையில் புறப்பட்டன. கூடாரத்தை அவர் எடுத்துச் சென்றார். ஏப்ரலில் அவருக்கு விசா நேர்காணல். நான் மூன்றாம் இயலைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.