கரண்டியும் தராசும்

நாகல் நகரில் எங்கள் அடுத்த வீட்டுக்காரர் ஒரு நெசவாளப் பெரியவர். ஒரு நாள் அவர் சாயப்பொடி டப்பாவுடன் வந்து, "ஸார், நீங்கள் படித்தவர், இதைக் கொஞ்சம் அளந்து கொடுங்கள்" என்றார். உபாத்தியாயர் அல்லவா! நானும் பெருமிதத்துடன் அடுக்களைத் தேக்கரண்டியை எடுத்துத் தலைதட்டி அளந்து கொடுத்தேன். மறுவாரம் மிச்ச நூலுக்கும் அவ்விதமே செய்தேன்.

சேலை தறியிலிருந்து இறங்கியபோது பாதி ஒரு சிவப்பு, பாதி வேறு சிவப்பு! வியாபாரி கூலியில் பாதியைப் பிடித்துக் கொண்டார். பெரியவர் என்னை ஒரு வார்த்தை கடிந்து கொள்ளவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கரண்டி ஒன்றே, பொடியும் ஒன்றே. ஆனால் முதல் வாரம் உதிரியாக இருந்த பொடி, மறுவாரம் டப்பாவில் அமுங்கி இறுகிவிட்டது. இறுகிய பொடி அதே கரண்டியில் அதிகம் கொள்ளும். அளவு இடத்தைக் காட்டும்; எடைதான் பொருளைக் காட்டும்.

எதிரே தெரியும் மலைக்கோட்டையை நினைத்தேன். 1755-இல் திண்டுக்கல்லில் அதிகாரம் பெற்ற ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரரின் துணையுடன் இங்கே ஆயுதச்சாலை அமைத்ததாகச் சரித்திரம் கூறுகிறது. வெடிமருந்தில் கை தவறினால் உயிர் போகும். சாயப்பொடியில் தவறினால் ஒரு குடும்பத்தின் ஒரு வாரச் சாப்பாடு போகிறது. இரண்டும் அற்பமான விஷயமல்ல.

நம் முன்னோர் இதை அறிவார்கள். பொற்கொல்லர் குன்றிமணி இட்டு நிறுத்தார்களேயன்றிக் கரண்டியால் அளக்கவில்லை. பழைய வெள்ளி ரூபாயே ஒரு தோலா, அதாவது 180 கிரெயின். நாணயமே எடைக்கல்லாகவும் உதவிற்று.

தராசு வாங்குவோர் முதலில் அதன் மிகச் சிறிய படியைப் பார்க்க வேண்டும். ஒரு கிராம் படியுள்ள தராசில் ஒரு கிராம் பொடியை நிறுத்தால், பாதிப் பிழை நேரலாம். 0.01 கிராம் காட்டும் தராசே ஏற்றது. சமதளத்தில் வைத்து, மின்விசிறியை நிறுத்தி, எடை தெரிந்த கல்லால் அடிக்கடி சோதிப்பது அவசியம். அவ்வளவு செலவிட இயலாதவர்களுக்கும் ஓர் உபாயம் உண்டு: 10 கிராம் பொடியைக் கரைத்து, கரைசல் ஒரு லிட்டர் ஆகும்வரை நீர் சேர்த்துக் கொள்ளுங்கள், அதில் 100 மில்லியில் ஒரு கிராம் இருக்கும். பிழை மிகவும் குறைந்துவிடும்.

நஷ்டத்தைக் கொடுக்கப் போனேன். பெரியவர் வாங்க மறுத்துவிட்டார். ஆகவே ஒரு சிறு தராசை வாங்கி அவர் வீட்டில் வைத்தேன். இப்போது நிறுப்பவர் அவரே. எண்ணைப் படித்துச் சொல்வது மட்டுமே என் வேலை.